தைக்காத மூலை

போன வாரம் திரிசலாவின் அப்பா ஜினேந்திரனின் கடிதத்தோடு நிறுத்தியிருந்தேன். வாசகர்களில் சிலர் மறந்திருக்கலாம், திரிசலாவின் மாமியார் குணமாலா மறக்கவில்லை. கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. 'என் மகளைத் தரையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரோடு வந்து அழைத்துப் போகிறேன்.' சம்பந்தி என்று ஒரு வார்த்தைகூட மேலே எழுதவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

மனுஷர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. திரிசலா அவருக்கு ஒரே மகள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாலு வருஷத்தில் இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். இதிலும் செவ்வாய்க்கிழமை காலையில் உதிரம் பட்டது. லேடி டாக்டர் கிருஷ்ணவேணி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பிறக்கும்வரை இடது பக்கமாக ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. வெறும் தரை ஆகாது, மெத்தை வேண்டும். ஆனால் உடம்பு புதைகிற மெத்தை கூடாது. காரோ பஸ்ஸோ ஏறவே கூடாது. பிறந்த வீட்டுக்கு வந்தவாசி ரோட்டில் முப்பது மைல் குலுங்கினால் அப்புறம் தன்னைக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்பா கார் கொண்டு வருகிறார். டாக்டர் கார் கூடாது என்கிறார். நடுவில் இருப்பது ஒரு மெத்தை. அது அந்த வீட்டில் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். திரிசலாவின் மாமனார் ஜினதாஸ் நயினார் சின்ன காஞ்சிபுரத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். வசதிக்குக் குறைவில்லை. மனுஷன் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது; அவர் வீட்டில் மட்டும் இன்னும் கோரைப்பாய்தான். காரணம் அவர் மனைவி குணமாலா. மெத்தை வந்தால் மூட்டைப்பூச்சி வரும். மூட்டைப்பூச்சி வந்தால் வெயிலில் போட்டு அடிக்க வேண்டும், மருந்து தெளிக்க வேண்டும். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற சமண வீட்டில் அதை யார் செய்வது? பாயென்றால் காலையில் தெருவில் உதறிச் சுருட்டி வைத்துவிடலாம். பூச்சியும் பிழைக்கும், நாமும் பிழைப்போம் என்பது அவள் கட்சி.

செவ்வாய்க்கிழமை டாக்டர் போனதும் அந்தக் கட்சி ஆட்டம் கண்டது. குணமாலா நேரே பக்கத்து வீட்டு அம்சாவிடம் போய் ஒரு மெத்தை இரவல் கேட்டாள். இரவலே வாங்காதவள் கேட்டதும் அம்சாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தன் கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அது பதினைந்து வருஷத்து மெத்தை. நடுவில் பள்ளம். திரிசலா இடது பக்கம் படுத்தால் இடுப்பு உள்ளே போய் முதுகு வளைந்துகொண்டது. வலி தாங்காமல் தூக்கத்தில் மல்லாந்துவிட்டாள். வியாழக்கிழமை விடியும்போது மறுபடி உதிரம். பாய்க்குத் திரும்பினால் இடுப்பு எலும்பும் தோளும் தரையில் இடித்தன. மூன்று நாளாகச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்கூட அவள் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீவந்தரன் கையில் டேப்போடு அறைக்குள் நின்றான். திரிசலாவின் புருஷன், மண்டியில் நாலு ஆளை அதட்டி வேலை வாங்குகிறவன், அம்மா எதிரில் வந்தால் மட்டும் குரல் தொண்டைக்குள் போய்விடும். அப்பா கொள்முதலுக்காகச் செய்யாறு போயிருந்ததால் முடிவெடுக்கிற பொறுப்பு இவன் தலையில்.

அறை தெற்கு வடக்காக எட்டடி, குறுக்கே ஆறடி. வடக்குப் பக்கம் மூன்றடிக்குக் கூரை வரை கடலை மூட்டைகள். மழை நாள், வெளியே போட வழியில்லை. தெற்கே உள்பக்கமாகத் திறக்கிற கதவு இரண்டரை அடியைத் தின்றுவிடும். மிச்சம் இரண்டரை அடி அகலம். கட்டில் என்ற பேச்சுக்கே இடமில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது, நீளமும் போதாது. குறுக்கே கிழக்கில் தலை வைத்தால் ஆறடி நீளம் தாராளம், திரிசலாவே ஐந்தடிதான். இடது பக்கம் திரும்பினால் முகம் கதவைப் பார்க்கும். காற்று வரும். நாளெல்லாம் மூட்டையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

அவன் அளந்து முடித்ததும் குணமாலா வாசற்படியில் வந்து நின்றாள்.

"மெத்தை வாங்கிக்கினு வா. ஆனா ஒரு மூலையைத் தைக்காம கொண்டாரச் சொல்லு. உள்ள இருக்கிறதைப் பிடிப்பிடியா எடுத்துப் பூச்சி பொட்டு பாத்துட்டு நானே தைச்சுக்கிறேன். அதுக்கு முன்ன யாரும் அதுல படுக்கக் கூடாது."

அவள் விட்டுக்கொடுத்ததே பெரிது. ஜீவந்தரன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாயிரத்தின் கடை. முப்பது வருஷமாகப் பஞ்சு அடித்து அடித்துப் புருவம்கூட வெளுத்துப்போன மனிதர். ஜீவந்தரன் அளவைச் சொன்னான். கண்ணாயிரம் அளவைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. படுக்கிற ஆள் மல்லாந்து படுப்பவரா, குப்புறவா, ஒருக்களித்தா என்று கேட்டார். எத்தனை எடை, எந்தப் பக்கம், தூக்கத்தில் புரளுவாரா என்றும் கேட்டார். ஜீவந்தரன் எல்லாவற்றையும் சொன்னான். 

கண்ணாயிரம் அவனை உள்ளே கூப்பிட்டு மூன்று மெத்தைகளைக் காட்டினார். முதலாவது இலவம்பஞ்சு. நாலு நாள் மெத்தென்று இருக்கும், ஐந்தாம் நாள் பள்ளம் விழும் என்று அவரே சொன்னார். இரண்டாவது தேங்காய் நார். மல்லாந்து படுக்கிறவனுக்கு அதைவிட நல்லது கிடையாது, ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பைக் கடித்துவிடும் என்றார். ரப்பர் மெத்தை என்று ஒன்று மெட்ராஸில் விற்கிறார்கள், வரவழைக்கப் பத்து நாளாகும், மழைக்காலம் போனால் முதுகெல்லாம் வேர்க்கும் என்று அதையும் தள்ளினார்.

பிறகு மூன்றாவதன் மேல் அவன் கையை எடுத்து வைத்து அழுத்தினார். கை மெல்ல இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. கையை எடுத்ததும் அழுத்திய இடம் தெரியாமல் மேலே எழும்பிவிட்டது.

"அடியில நாரு. மேல கழிவுப் பட்டு. தறிக்காரங்க வெட்டிப் போடுற துண்டு நூலு, முறுக்கும்போது சேருற சிக்கு, எல்லாம் பஞ்சு மாதிரி பிரிச்சு அடைச்சது. ஒருக்களிச்சுப் படுக்கிற புள்ளைத்தாச்சிக்கு இதுதான்பா. இடுப்பைத் தாங்கும், அழுத்தாது. அளவும் உனக்குச் சரியா இருக்குது. ஒருத்தங்க தைக்கச் சொல்லிட்டு வாங்க வரல."

ஜீவந்தரன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் பாதி வீட்டில் தறி ஓடுகிறது. ஊருக்குப் பேரே பட்டால்தான். ஆனால் குணமாலாவின் வீட்டுக்குள் பட்டு நுழைவதில்லை. கொதிக்கிற தண்ணீரில் புழுவைப் போட்டு எடுக்கிற நூல் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டாள். எல்லா நயினார் வீட்டிலும் இப்படிக் கிடையாது. திரிசலாவின் பிறந்த வீட்டில் கட்டுவார்கள். திரிசலாவும் கட்டியவள்தான். இரண்டாவது முறை கரு தங்கியபோது சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்த எட்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எத்தனையோ சொன்னார். அவள் கேட்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் மாமியார் பக்கத்தில் நிற்க, பிள்ளை கைக்கு வரும்வரை பட்டு என் உடம்பில் படாது என்று விரதம் எடுத்துக்கொண்டாள். இந்தக் குழந்தை ஏழு மாதம் தங்கியிருப்பதே அந்த விரதத்தால்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அவளையா பட்டின் மேல் படுக்க வைப்பது?

ஜீவந்தரன் மறுபடி இலவம்பஞ்சில் கை வைத்தான், நாரில் கை வைத்தான். புதிதாகத் தைத்துத் தரக் குறைந்தது மூன்று நாளாகும் என்றார் கண்ணாயிரம். சாயங்காலம் கார் வந்துவிடும். மகள் தரையில் கிடப்பதைப் பார்த்தால் ஜினேந்திரன் யார் பேச்சையும் கேட்கமாட்டார். முப்பது மைல் ரோடு.

அவன் மூன்றாவதன் மேல் மறுபடி கையை அழுத்திப் பார்த்தான். அப்புறம் மூன்றாவதையே கட்டச் சொன்னான். ஒரு மூலையைப் பிரித்து, அந்த மூலையில் மட்டும் நாலைந்து பிடி இலவம்பஞ்சைத் திணிக்கச் சொன்னான். கண்ணாயிரம் ஏன் என்று கேட்டதற்கு, அம்மாவுக்குப் பஞ்சு பார்க்க வேண்டும் என்றான். அவருக்குப் புரியவில்லை. நயினார் வீட்டு வழக்கம் எதுவோ என்று விட்டுவிட்டார். திருட்டுத்தனம் பழகாதவன் செய்கிற திருட்டுத்தனம் இப்படித்தான் இருக்கும். வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவான்.

பகல் இரண்டு மணிக்கு மெத்தை வந்தபோது குணமாலா வீட்டில் இல்லை. மருந்து வாங்க டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தாள். திரிசலா பாயில் வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வரும்வரை காத்திருக்க அவனுக்கு மனசு வரவில்லை. மெத்தையைக் குறுக்கே போட்டான். சுவருக்கும் சுவருக்கும் நடுவே அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. அவளை மெல்லத் தூக்கி இடது பக்கமாகப் படுக்க வைத்தான்.

திரிசலா இடுப்பை மெல்ல அசைத்துப் பார்த்தாள். பிறகு, வலிக்கலைங்க என்றாள். அதைச் சொல்லும்போதே கண் செருகிவிட்டது. மூன்று நாள் தூக்கம் ஒரே நிமிஷத்தில் வந்து விழுந்தது. ஜீவந்தரன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். செய்தது தப்பா சரியா என்று அப்போது அவனைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

நாலு மணிக்குக் குணமாலா வந்தாள். கதவைத் திறந்ததும் மருமகள் மெத்தையில் இருப்பதைப் பார்த்து முகம் சிவந்தது. மகன் உதட்டில் விரலை வைத்து, தூங்குவதைக் காட்டினான். அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியாகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். முறத்தை எடுத்து வந்து, தைக்காத மூலைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

முதல் பிடி எடுத்தாள். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு. முறத்தில் பரப்பி, விரலால் நீவி, சிவப்புப் பூச்சி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இரண்டாம் பிடி. அதிலும் இல்லை. மூன்றாம் பிடியோடு திருப்தியாகிவிடுவாள் என்று ஜீவந்தரன் நினைத்தான். நல்ல பஞ்சுதான்மா, போதும்மா என்று மெதுவாகச் சொல்லியும் பார்த்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. நாலு, ஐந்து, ஆறு.

ஏழாவதற்குக் கை முழங்கை வரை உள்ளே போனது. உள்ளேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருஷமாகத் தொடாத கைதான். ஆனாலும் காஞ்சிபுரத்துக் கைக்குப் பட்டை அடையாளம் காட்ட வேண்டுமா? குணமாலா கையை மெல்ல வெளியே எடுத்தாள். மாம்பழ நிறமும் அரக்கும் கலந்த சிக்கு நூல் விரல்களைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

ஜீவந்தரன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வேற எதுலயும் அவளால படுக்க முடியலம்மா. நான் மூணையும் தொட்டுப் பாத்தேன். பாவம் எதுனா இருந்தா எனக்கு வரட்டும். அவகிட்ட மட்டும் சொல்லாதே."

குணமாலா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.  தன் விரதம் போனது ஒரு பக்கம். தூங்குகிற இந்தப் பெண் கண்ணைத் திறந்து முறத்தைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் உருண்டாவது தரைக்குப் போய்விடுவாள். போனால் இடுப்பு வலி, மல்லாந்து படுப்பது, உதிரம். போகாவிட்டால் பயத்திலேயே செத்துப்போவாள். குணமாலாவுக்கு மகனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நூலை உள்ளே தள்ளினாள். அதன் மேல் பஞ்சைத் திணித்தாள்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது.

ஜினேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறை வாசலுக்கே வந்துவிட்டார்.  மகள் ஆழ்ந்து தூங்குவதைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. மெத்தை அகலத்தைப் பார்த்தார், தலைமாட்டைப் பார்த்தார், குனிந்து ஓரத்தைக் கையால் அழுத்தினார். கை மெல்ல இறங்கி, எடுத்ததும் எழும்பியது. அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் ஜீவந்தரன் எடுத்துச் சொன்னான். அவர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. குணமாலாவிடம்தான் திரும்பினார். ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால்கூட, குணமாலாம்மா சொல்லட்டும், அது பொய் சொல்லாது என்று அவளைக் கூப்பிடுவது அவருக்குத் தெரியும்.

"சம்பந்தியம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் நம்புறேன். எம் பொண்ணு விரதத்துல இருக்கிறது உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல எதுல எதைக் கலப்பானுங்கன்னு சொல்ல முடியாது. உள்ள என்ன இருக்குது? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றாள் குணமாலா. "ஏழு பிடி எடுத்துப் பாத்தேன். பஞ்சுதான். நல்லா இருக்குது."

 அம்மா பொய் சொல்லி ஜீவந்தரன் கேட்டதே இல்லை.

ஜினேந்திரன் நெடுமூச்சு விட்டார். அத்தனை நேரம் விறைப்பாக இருந்த தோள் இறங்கியது. தன் கடிதத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளை எழுப்ப வேண்டாம், அவள் இங்கேயே இருக்கட்டும், கார் சும்மாவே திரும்பட்டும் என்றார். குணமாலா கொடுத்த மோரைக் குடித்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, இன்னொரு நாள் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில், வாசல் வரை போனவர் திரும்பினார்.

"மாப்ளே, இதைத் தைச்சது யாரு? புள்ளை பொறந்தப்புறம் நம்ம வீட்டுக்குத்தானே வருவா. அதே மாதிரி ஒண்ணு இப்பவே சொல்லிட்டுப் போறேன்."

 ஜீவந்தரன் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாயிரம் கடையை விட்டால் காஞ்சிபுரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்றார். கார் கிளம்பி, தேர்முட்டிப் பக்கமாகத் திரும்பியது. ஜீவந்தரன் செருப்புகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் பறந்தான். சந்தில் போனால் காரை முந்தலாம், தறிக்காரர்கள் யாரும் குறுக்கே பாவு நூல் நீட்டியிருக்காவிட்டால்.

குணமாலா உள்ளே வந்து ஊசியை எடுத்தாள்.  மூலையை நெருக்கி நெருக்கித் தைத்தாள். கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது திரிசலாவின் கண்கள் திறந்திருந்தன.

எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. இடது பக்கமாகவே படுத்திருந்தாள். முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு.

"அத்தை, அப்பா வந்துட்டுப் போனாரா? குரல் கேட்டுச்சு."

ஆமாம், நீ இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார் என்றாள் குணமாலா. திரிசலா மெத்தையை உள்ளங்கையால் தடவினாள். விரல்கள் துணிக்கு மேலே எதையோ தேடுவது போல மெதுவாகப் போயின.

"பஞ்சுன்னா இவ்ளோ சுகமா இருக்குமா அத்தை? அம்சாக்கா மெத்தையும் பஞ்சுதானே."

அது பழசு, இது புதுசு என்றாள் குணமாலா. திரிசலா அவள் கையை எட்டிப் பிடித்தாள். இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏதோ பயமா இருக்குது. இங்க கை வெச்சு ஒரு தரம் சொல்லுங்க. நீங்க சொன்னா அப்புறம் நான் மறுபடி கேக்கவே மாட்டேன். உள்ள பஞ்சுதானே?"

உள்ளங்கைக்கு அடியில் குழந்தை ஒரு தரம் புரண்டது. குணமாலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சம்பந்தியிடம் சொன்ன பொய்க்கு எத்தனை நாள் உபவாசம் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்தாள். இதற்கு எந்தக் கணக்கும் அவளுக்குத் தெரியாது. கையை எடுத்துவிடலாம். எடுத்தால் அதுவே பதிலாகிவிடும்.

"பஞ்சுதாம்மா," என்றாள்.

திரிசலா தலையசைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, நல்ல தூக்கத்துக்குப் போய்விட்டாள்.

குணமாலா கையை எடுக்கவில்லை. குழந்தை இன்னொரு தரம் அசைகிறதா என்று காத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.